புலியை இறக்கும் காலம்

ஜன்னல் ஏசியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் வீட்டுக்குள் அனல் அடிக்கும் என்பது ஏசி மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் அப்படி மாட்டுவதில்லை. கூலிங் மாட்டினார்.

கூலிங்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். தெருவுக்கு அவர் கூலிங்தான். வருஷம் முழுக்க வேகிற ஊர் அது. வீடு வீடாகக் குளிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனிதருக்குப் போன் ஓயாது. சில வாரங்கள் மட்டும் ராத்திரியில் குளிரும். பனி கொட்டுகிற தேசத்துக்காரர்கள் அதைக் குளிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் உறைந்த எண்ணெயைப் பார்த்ததும் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். பெட்டிக்கடை வாசல்களில் குரங்குக் குல்லா தொங்கும். சொந்த வீட்டுத் தரையில் ஜனங்கள் குதிகாலால் நடப்பார்கள். கூலிங்கின் போன் ஊமையாகிவிடும்.

இந்த வருஷம் எண்ணெய் உறைந்தபோது அவர் வீட்டில் தனியாக இருந்தார். மனைவி போனது வெயில் காலத்தில். வெயிலில் துக்கப்படுவதற்கு ஒரு வசதி இருந்தது. முகத்தில் வழிவது வேர்வையா வேறேதாவதா என்று யாரும் கேட்கவில்லை. படுக்கையில் பாதி காலியாகக் கிடந்ததைக்கூட, காற்றோட்டமாகத்தான் இருக்கிறது என்று அவரே தனக்கு ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்தார். குளிர் வந்ததும் அந்த ஜோக் செல்லவில்லை. காலிப் பாதியிலிருந்துதான் குளிர் வந்துகொண்டிருந்தது.

அப்போது உதித்த யோசனைதான் இது. பல் டாக்டர் ஒருவர் தூக்கிப் போட்ட பழைய ஜன்னல் ஏசி பட்டறையில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து படுக்கையறை ஜன்னலில் முதுகு உள்ளே, மூஞ்சி வெளியே என்று பொருத்தினார். பித்தான்கள் எல்லாம் தெருப்பக்கம் போய்விட்டதால், ஆன் செய்வதற்குப் பனியனோடு வெளியே போய் நின்று திருக வேண்டியிருந்தது. திருகிவிட்டு உள்ளே ஓடிவந்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான அனல். கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இந்தா, பாத்தியா?" என்று காலிப் பாதியைப் பார்த்துச் சொன்னார்.

தொழில் தெரிந்தவர் இரண்டு விஷயங்களை மறந்திருந்தார். ஏசி வடிக்கும் தண்ணீர் அதன் முதுகுப் பக்கமாகத்தான் போகும். முதுகு இப்போது மெத்தைக்கு மேலே இருந்தது. ஏசியின் மூஞ்சியோ குறுகலான தெருவைத் தாண்டி நேராக எதிர்வீட்டுச் சமையலறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ரிட்டயர்டு பேங்க்காரர் குரங்குக் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் சகிதம் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மெத்தை நனைந்தது. எதிர்வீட்டு அடுப்பு அணைந்தது. பல் டாக்டர் ஏசியின் கம்ப்ரஸர் இழுத்த இழுப்பில் கம்பத்தில் ஃப்யூஸ் போய்த் தெரு முழுக்க இருட்டானது.

"யாருய்யா ஃப்ரீசரைத் திறந்து என் மூஞ்சில வச்சது?" என்று இருட்டுக்குள் பேங்க்காரர் கத்தினார்.

"நான்தான் சார். டெஸ்டிங்."

"டெஸ்டிங்கா? குல்லாவுக்குள்ள காது ரெண்டும் இன்னும் இருக்கான்னு தடவிப் பார்த்துக்கிட்டேன் கூலிங்!"

"ஊரெல்லாம் காசு குடுத்து வாங்கறாங்க சார். உங்களுக்கு ஓசியில குடுத்தேன்."

டார்ச்சும் செல்போன் வெளிச்சமுமாகத் தெரு கூடிவிட்டது. திட்ட வந்தவர்களும் ஏசியின் மூஞ்சி தெருவைப் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்கள். பேங்க்காரர் மனைவி மெழுகுவர்த்தியோடு வந்தார். வெயில் காலம் பூராவும் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியவர்.

"ஏம்ப்பா, குளிருச்சுன்னா போத்திக்கிட்டுப் படுக்கறதுதானே? உங்க வீட்லதான் அந்தப் புலி இருக்குமே, பெரிசா..."

பேங்க்காரர் மனைவியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மெழுகுவர்த்தி ஆடியது. "உள்ள வா. டீ ஆறுது."

அடுப்பு அணைந்து, கொதிக்கவே கொதிக்காத டீ எப்படி ஆறும் என்று கூலிங் அப்போது யோசிக்கவில்லை.

புலி என்பது ஒரு கம்பளி. கல்யாணமான புதிதில், கப்பலில் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு உயிர் கொடுத்ததற்காகக் கொடுத்தது. நனைத்தால் இரண்டு ஆள் சேர்ந்துதான் பிழிய முடியும். முழு நீளத்துக்கும் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும். இடது கண் இருந்த இடத்தில் கொசுவத்தி விழுந்த ஓட்டை. கொசுவத்தியைக் காலால் தட்டிவிட்டது யார் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை.

ஊருக்கே குளிரை விற்றவர் வீட்டில் ஏசி கிடையாது. அவளுக்கு ஆகாது. அவர் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே, "தள்ளி உட்காருங்க, சட்டையிலயே குளிரை ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்பாள். வருஷா வருஷம் எண்ணெய் உறைந்த அன்று பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டுவாள். ஒரு சொட்டு விழாது.

"புலியை இறக்குங்க."

அவர் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜிப் வைத்த பையை இழுத்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேலேயே உறுமுவார். "போதும், விழுந்து வைக்காதீங்க. வயசென்ன ஆகுது!" என்பாள். முதல் ராத்திரி முழுக்க அந்துருண்டை வாசனையில் மாறி மாறித் தும்முவார்கள். புலிக்கு அடியில் அவள் தன் பாதங்கள் இரண்டையும் அவர் கெண்டைக்காலில் கொண்டுவந்து ஒட்டிவைப்பாள். ஐஸ் ஃபேக்டரி என்று அவர் அலறுவார். காலை மட்டும் நகர்த்த மாட்டார்.

இந்த வருஷம் அவரே பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. ஆனால் யாரும் இறக்கச் சொல்லவில்லையே. சொல்லாமல் இறக்க அவருக்குக் கை வரவில்லை. ஏசியைத் திருப்பி மாட்டத்தான் வந்தது.

கரண்ட் வந்ததும், நனைந்த மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சரி சரி, இறக்கறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினார். பரணில் பை இருந்தது. இழுத்தபோது கனமே இல்லாமல் கையோடு வந்தது. ஜிப் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அந்துருண்டைகள் உருண்டு தரையில் சிதறின. புலி இல்லை.

வெளியூரில் குடும்பத்தோடு இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவள் பாப்பாதான்.

"பாப்பா, புலி எங்கம்மா?"

"எந்தப் புலிப்பா?"

"நம்ம வீட்ல எத்தனை புலி வளர்த்தோம்?"

"இப்ப எதுக்குப்பா அது? நல்லதா ஒண்ணு ஆர்டர் போடறேன். இப்பல்லாம் சூப்பரா வருது, வெயிட்டே இருக்காது."

"எனக்கு வெயிட்தாம்மா வேணும்."

"சாப்பிட்டீங்களா?"

"பாப்பா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அப்பா, குக்கர் விசில் அடிக்குது. அப்புறம் பேசறேன்."

விசில் எதுவும் அவர் காதில் விழவில்லை.

மகளுக்கு அம்மாவின் குரல் அச்சாக வாய்த்திருந்தது. அம்மாவின் பதில் வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள் அந்த அம்மா. மற்ற கவுன்டர்காரர்கள் "வரும், வரும், உட்காருங்க" என்பார்கள். இவள் மட்டும் கண்ணாடி ஓட்டை வழியாக, "அது வராது. வேற வழி பாருங்க" என்று சொல்லிவிடுவாள். திட்டு வாங்குவாள். "வராத பஸ்ஸை வரும்னு சொல்லி உட்கார வச்சா, அவன் கடைசி பஸ்ஸையும் விட்டுருவாங்க" என்பாள் வீட்டுக்கு வந்து. அவள் போன பிறகு, அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வழவழ கொழகொழ என்று ஆகிவிட்டார்கள்.

ஏற்கெனவே ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது. அவள் போன அன்று அவளுடைய அண்ணன் ரயிலில் வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வந்துசேர்வார் என்று தெரியும். அவளை ஐஸ் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஏன் மத்தியானமே அவ்வளவு அவசரமாகக் கொண்டுபோனார்கள்? பலமுறை கேட்டுவிட்டார். கேட்ட நேரத்தில் எல்லாருக்கும் வேறு வேலை வந்தது.

அவருக்கோ அந்த நாள் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வாடகைக்கு எடுத்த பெட்டியின் விசிறி கடகடத்தது. கொண்டுவந்தவர் கையைப் பிசைந்தார். "ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க" என்று இவரே கேட்டார். மோட்டாரைக் கிளப்பும் ரிலே 'டிக்' என்று பிடித்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த ஞாபகத்தில் ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ டம்ளரைக் கையில் திணிக்கிறார்கள்.

மறுநாள் காலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் பேக்கரிக்குப் போனார். நடத்துவது அவருடைய சகலை. கூடவே நின்று மாவு பிசைவது சகலையின் மனைவி, அதாவது கூலிங் மனைவியின் தங்கை. குளிர் காலத்தில் ஊரிலேயே கதகதப்பான இடம் அந்த அடுப்படிதான். வாசலிலேயே இரண்டு நாய்கள் சுருண்டு கிடந்தன.

"வாங்க சகலை! தெருவையே இருட்டாக்கிட்டீங்களாமே?"

"அதுக்குள்ள வந்துடுச்சா?"

"பன் வாங்க வர்றவங்க சும்மா வருவாங்களா? எதிர்வீட்டு சாருக்கு மூக்குல ஐஸ் கட்டிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"புலி எங்க சகலை?"

சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் அப்படியே நின்றது. "புலியா... அடடா, ட்ரே கருகுது" என்று அடுப்புக்குள் தலையை விட்டார். ட்ரேயில் மாவு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

கொழுந்தியாள் மாவுக் கையோடு வந்தாள். "உட்காருங்க மாமா."

"உட்கார வரலம்மா. அக்கா பீரோவை, பரணை எல்லாம் ஒதுங்க வச்சது நீயும் பாப்பாவும்தான். பை இருக்கு, கம்பளியக் காணோம். எங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார். கடையில் ரொட்டி வாங்க நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"நான்தான் எடுத்தேன் மாமா" என்றாள்.

"எடுத்து?"

"ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"குளிர் தாங்காதவங்களுக்கு."

"கொளுத்தற வெயில்ல யாருக்குடி குளிருச்சு?" அவர் அவளை வாழ்நாளில் 'டி' போட்டதில்லை. போட்ட பிறகு நிறுத்தவும் முடியவில்லை. "உங்கக்கா துணிமணியெல்லாம் நீ எடுத்துக்கிட்டப்ப ஒரு வார்த்த கேட்டேனா? நகைய எடுத்துக்கன்னு நானே சொன்னேன். நான் வச்சுக்கிட்டது அந்த ஒண்ணே ஒண்ணுதான். அவளும் நானும் போத்திப் படுத்த கம்பளிய ஊருக்குத் தூக்கிக் குடுக்க நீ யாரு? கூடப் பொறந்தவளுக்கு இருக்கற புத்தியா இது?"

அவள் வாயைத் திறந்தாள். நிறைய சொல்ல வருகிறமாதிரி இருந்தது. "தப்புதான் மாமா" என்று மட்டும் சொன்னாள். மாவு ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைக்க, முகத்தில் வெள்ளையாகப் பட்டை விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்து அவர் நாள் முழுக்கக் கிண்டல் பண்ணியிருப்பார்.

"இனிமே உங்க கடை ஃப்ரிட்ஜத் தொட்டா ஏன்னு கேளுங்க" என்று சகலையிடம் சபதம் போட்டுவிட்டுத் திரும்பினார். வாசலோரம் கேக் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அவர் கை தானாகப் போய் அதன் இடது விலாவில் ஒரு தட்டு தட்டியது. நடுக்கம் நின்றது. அந்தக் கை மீது அவருக்கு ஏற்பட்ட ஆத்திரம் தெருமுனைவரை ஆறவில்லை.

அதற்கப்புறம் வந்த ராத்திரிகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதைத் தெரு வேடிக்கை பார்த்தது. மெத்தை சுவரில் சாய்ந்து காய்ந்தது. "என்னாச்சு?" என்று கேட்டவர்களிடம், "ஜலதோஷம்" என்றார். வேலைக்குப் போடும் முழுக்கைச் சீருடையை மாட்டிக்கொண்டு, காலுறைக்கு மேல் காலுறை போட்டு, பேங்க்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த குரங்குக் குல்லாவில் தலையைச் சொருகிக்கொண்டு படுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது, வங்கியைக் கொள்ளையடிக்கப் போய் வழியில் தூங்கிவிட்ட ஆள் மாதிரி இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் வாய் ஊறியது. சொல்லப்பட வேண்டிய ஆள் சிரிக்க மாட்டாள், "சிரிப்பு வரல, படுங்க" என்று முதுகைத் திருப்பிக்கொள்வாள்; முதுகு மட்டும் குலுங்கும். மின்விசிறியை நிறுத்தினால் வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது என்று அதை ஓடவிட்டார். ஓடினால் குளிர்ந்தது. எழுந்து நிறுத்துவதும் போடுவதுமாக விடிந்தது.

குளிர் தாங்காதவர்களுக்குக் கொடுத்தேன் என்றாளே கொழுந்தியாள். அப்படியானால் இந்த ஊரில் எங்கேயோ யாரோ புலிக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். அவர் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தார். டிப்போவில், மனைவி உட்கார்ந்திருந்த கவுன்டருக்கு எதிர்ப்புறம், பெஞ்சிலும் தரையிலும் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தவர்களை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ரோஜாப்பூ இருந்தது, மான் இருந்தது, ஒரு மயில்கூட இருந்தது.

ஒரு போர்வையிலிருந்து தலை நீண்டது. "என்ன சார் தேடறீங்க?"

"புலி."

அந்த ஆள் அவரையும் அவர் குல்லாவையும் ஏற இறங்கப் பார்த்தான். "இங்கல்லாம் நாய்தான் சார் வரும்" என்று மறுபடி இழுத்து மூடிக்கொண்டான்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவர், கவுன்டர் கண்ணாடியின் அந்த வட்ட ஓட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பஸ் போனது. அவர் எதிலும் ஏற வரவில்லை என்று தெரிந்த டிப்போக்காரர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் சகலை பெரிய பொட்டலத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றார். "உங்க கொழுந்தியா குடுத்தா. வாங்கிட்டு வந்துட்டாளாம், குடுத்தவங்ககிட்டருந்து." சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிடுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கூலிங் கயிற்றை அறுத்தார். பழுப்பு நிறம், கறுப்புக் கோடு, பிளந்த வாய். ஒற்றைக் கண். அப்படியே தரையில் உட்கார்ந்து, அதைத் தூக்கித் தலையோடு மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

தும்மல் வரவில்லை. அந்துருண்டை இருந்தது, ஆனால் அதற்கு அடியில் கடையின் பிளாஸ்டிக் பை வாசனையும், இன்னும் அடியில் வெனிலா எசன்ஸும் வந்தது. வெளியே வந்து ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஓரம் புதுசாகக் கருகி, விரலில் கரி ஒட்டியது. பொசுங்கியிருந்தது வலது கண்.

புதுப் புலியை வாங்கி, பழசாகத் தெரிவதற்காகத் துவைத்துத் துவைத்து அடித்து, அந்துருண்டை போட்டு, கொசுவத்தியைக் கொளுத்திக் கண்ணைச் சுட்டிருக்கிறாள். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எவருக்கோ தூக்கிக் கொடுத்தவள் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? கொடுத்த இடத்தில் போய்க் கேட்டால் ஆகாதா? அவள் கொடுக்கவே இல்லை. கடையில் நாலு பேர் முன்னால் அவர் கொட்டிய அத்தனையையும், செய்யாத குற்றத்துக்கு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு சகலை வீட்டுக்கு நடந்தார். சாயங்கால வெயில் அதற்குள் சூடு இழந்திருந்தது. தெருவில் பார்த்தவர்கள், "கிடைச்சிருச்சா கூலிங்!" என்றார்கள். பேங்க்காரர் மட்டும் ஜன்னலிலிருந்து நகர்ந்துகொண்டார்.

சகலை வீட்டு வாசலில் மகளின் செருப்பு கிடந்தது. சண்டை அவள் ஊர்வரைக்கும் எட்டி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள், அவரைக் கண்டதும் திருடர்கள் மாதிரி முழித்தார்கள்.

அவர் கம்பளியைத் தரையில் விரித்தார். "என் புலிக்குப் போனது இடது கண்ணு."

கொழுந்தியாள் குனிந்து பார்த்தாள். "இடதுதானே மாமா சுட்டேன்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "நான் எதிர்ல உட்கார்ந்து சுட்டேனா, என் இடது அதுக்கு வலதாயிடுச்சு."

"அக்கா மாதிரியே நீயும் கெட்டிக்காரிதான்" என்றார். "அன்னிக்குப் பேசினதுக்கு என்னைச் செருப்பால அடிச்சிருக்கணும் நீ. எதுக்கும்மா வாங்கிக்கிட்டு நின்ன? யாரைக் காப்பாத்தற?"

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சகலை, ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா..."

"அதுவும் ஆறிப்போச்சா?" என்றார் கூலிங். "எதிர்வீட்ல கொதிக்காத டீ ஆறுது. இவ வீட்ல சத்தமில்லாம குக்கர் விசில் அடிக்குது. உங்க கடையில வேகாத ரொட்டி கருகுது. போதும் சகலை. எனக்கு ஜோக் அடிக்கத்தான் தெரியும், நம்பறதுக்கு ஒரு அளவு இருக்கு." மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கம்மா அந்த ஓட்டைக்குப் பின்னாடி உட்கார்ந்து வராத பஸ்ஸை வரும்னு ஒரு நாள் சொன்னதில்ல. நீ அவ பொண்ணு. புலி எங்க இருக்கு? இருக்குதுன்னா நான் போய்க் கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வந்துடறேன். அவங்க வீட்டு ஏசிய காலம் பூரா சும்மா பார்த்துத் தர்றேன். சொல்லிடும்மா."

"வேணாம் பாப்பா" என்றாள் கொழுந்தியாள்.

"இல்ல சித்தி. டிப்போவுல படுத்திருக்கறவங்களை எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்காராம். இதுக்கு மேல எத்தனை நாளைக்கு?"

மகள் எழுந்து வந்து அவர் எதிரில், விரித்திருந்த கம்பளி மேலேயே உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது, கண்ணாடி ஓட்டைக்குப் பின்னாலிருந்து வந்த அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"அன்னிக்குப் பெட்டி ஓடல. நீங்கதான்பா உட்கார்ந்து சரி பண்ணீங்க. நல்லா ஓட ஆரம்பிச்சுது. மூடியத் திறந்து உள்ள கைய விட்டுப் பார்த்தீங்க. 'இது ரொம்ப ஜாஸ்தி, இவ தாங்க மாட்டா'ன்னு சொன்னீங்க. எல்லாரும் உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தோம். நீங்க உள்ள போய் ஸ்டூலைப் போட்டு ஏறினீங்க. புலிய இறக்கிட்டு வந்தீங்க."

அவர் கீழே விரித்திருந்த புலியைப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கழுத்து வரைக்கும் போத்தி விட்டீங்க. காலுக்கு அடியில ரெண்டு பக்கமும் மடிச்சுச் சொருகினீங்க. அப்புறம் ப்ளக்கைப் பிடுங்கிட்டீங்க."

அவர் கைகள் மடியில் மெல்ல அசைந்தன. ஏதோ ஒரு கனத்த துணியின் ஓரத்தை எடுத்து, உள்ளே மடித்து, அழுத்தின. அவை மறந்திருக்கவில்லை.

"பெட்டிய மறுபடி போட எங்க யாருக்கும் மனசு வரல. போட வந்த பெட்டிக்காரரையும் நீங்க விடல. வெயில் ஏறிக்கிட்டே போச்சு. அதனாலதான் மாமா வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியல. மத்தியானமே கிளம்பினோம். கடைசியில கம்பளிய எடுத்துடலாமான்னு கேட்டாங்க. நீங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டீங்க. இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். சித்தி எதையும் எடுக்கலப்பா. அம்மாகூடவே போயிடுச்சு."

கொழுந்தியாள் விசும்புவது கேட்டது. வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். சகலை எழுந்து, கூடத்து மின்விசிறியை நிறுத்தினார். அது சுற்றிச் சுற்றிக் கடைசிச் சுற்றும் சுற்றி நின்றது.

கூலிங் புதுப் புலியின் பொசுங்காத கண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, டிப்போவில் கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் குனிந்து நிற்கிற மனிதர்கள் கேட்பதுபோல, பதில் தெரிந்தும் ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அப்ப... வராதா பாப்பா?"

"வராதுப்பா."